கைதட்டு அக்கா

புது வீட்டுக்குள் நுழைந்தால் நாமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்போம். அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே டிவிக்கு முன்னால் போய் நிற்பார். போனை என்னிடம் நீட்டி, "பிடி தம்பி" என்பார். நான் படம் பிடிக்க, பலமாக ஒரே ஒரு தடவை கை தட்டுவார். பிறகு அந்தப் படத்தை அந்த டிவியிலேயே ஓடவிட்டு, இரண்டு கையும் சேருவதும் 'டப்' என்ற சத்தமும் ஒரே நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டால் அவர் சொல்வது ஒரே வார்த்தை.

"ஒட்டல."

ரங்கூனின் பபேடான் பகுதித் தெருக்களில் அவருக்குக் கைதட்டு அக்கா என்று பெயர் வந்தது இப்படித்தான். அவருக்குச் சொந்தமாக அழகான பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதவில்லை.

அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இடுப்பில் பர்மியப் பெண்கள் கட்டுகிற பூப்போட்ட லோஞ்சி, ஆண்கள் போடுவதைப் போலப் பை வைத்த சட்டை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு, நெற்றியில் கடுகளவு பொட்டு. தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் சுருட்டிய கேபிள்கள், ஒவ்வொரு சுருளிலும் ஒரு தலைமுடி ரப்பர். சிவப்பு ரப்பர் போட்டது நீளக் கேபிள், மஞ்சள் போட்டது குட்டை. பச்சை ரப்பர் போட்டதை யாருக்கும் கொடுக்கமாட்டார், அது சந்தேகத்துக்கு இடமில்லாத கேபிள். ஏதாவது வேலை செய்யாதபோது கோளாறு கேபிளிலா பெட்டியிலா என்று கண்டுபிடிக்க அதைத்தான் எடுப்பார்.

நான் அந்தக் காலத்தில் பாய் கடையில் டிவியும் ஸ்பீக்கரும் விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் இந்த அக்கா ஏதோ கேபிள் கேட்டு வந்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலைப் பார்த்து வைத்திருந்த பெரிய டிவியில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கேபிளை வாங்கிக்கொண்டு திரும்பிய அக்கா, டிவியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பாய், இந்தம்மா வாயை மூடின பிறகும் பேசிக்கிட்டே இருக்காங்களே."

பாய்க்குச் சுருக்கென்றது. "புதுச் சரக்கும்மா. நேத்துத்தான் பெட்டி பிரிச்சோம்."

"சரக்கு நல்ல சரக்குதான். ஆனா ஒட்டல."

பாய் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் கை தட்டியதைப் பார்த்தேன். படத்தை மெதுவாக ஓடவிட்டபோது, கைகள் சேர்ந்து பிரிந்து, அவர் கையைக் கீழே இறக்கத் தொடங்கிய பிறகு 'டப்' என்று கேட்டது. வாடிக்கையாளர் கண்ணுக்கு ஒயர் தெரியக்கூடாது என்று டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒயரில்லாத இணைப்பு கொடுத்திருந்தோம். அதுதான் காரணம். அக்கா ஒரு ஒயரை எடுத்துச் சொருகினார். மறுபடி ஓடவிட்டார். கையும் சத்தமும் சேர்ந்து வந்தன.

பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "இத்தனை நாளா எனக்கு ஏன் தெரியல?"

"பழகிப்போச்சு பாய். எல்லாக் கோளாறும் அப்படித்தான் தப்பிச்சுக்குது."

மறுநாளிலிருந்து கடையில் ஹோம் தியேட்டர் வாங்குகிற வீடுகளுக்கு அவரைத்தான் அனுப்பினார் பாய். பெட்டி தூக்க நானும் கூடப் போவேன்.

அவர் விளக்கம் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்காரர்கள், "எங்க டிவியில சத்தம் ஏன் முந்தி வருது?" என்று கேட்டால் இப்படிச் சொல்வார்: "டிவி ஓர் அலங்காரப் பிரியை. படம் உள்ளே வந்ததும் நிறம் ஏத்தி, மெருகு பூசி, அப்புறம்தான் வெளியே விடும். சத்தத்துக்கு அலங்காரம் கிடையாது, வந்த வேகத்துல ஸ்பீக்கருக்கு ஓடிரும். நாம சத்தத்தோட கையைப் பிடிச்சுக் கொஞ்சம் நிறுத்தி வைக்கணும். அவ்வளவுதான்."

சத்தம் பிந்தினால் மனிதன் ஓரளவு பொறுத்துக்கொள்வான், முந்தினால் பொறுக்கமாட்டான் என்பதும் அவர் சொன்னதுதான். "முதல்ல மின்னல், அப்புறம் இடி. பொறந்ததுலருந்து அப்படித்தானே பார்க்கிறோம்? இடி முந்திக்கிட்டு வந்தா உடம்புக்கே ஒத்துக்காது."

எத்தனை மில்லிசெகண்ட் நிறுத்தி வைத்தோம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டிவியின் முதுகில் ஒட்டிவிட்டு வருவார். ரங்கூனில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. மின்சாரத்தை நாங்கள் பர்மியில் 'மீ' என்போம். மீ திரும்பியதும் தெரு முழுக்க "மீ லா பீ!" என்று கத்துகிற சத்தம் கேட்கும். அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் தெரியாமல் சில ஆம்ப்ளிஃபையர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்திருக்கும். காகிதம் இருந்தால் வீட்டுக்காரர்களே சரிசெய்துகொள்ளலாம். அதனால் அவருக்குத் திரும்ப வேலை வராதே என்று பாய் ஒருமுறை கேட்டார். "புது வீடு வராதா பாய்?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

கியாக்டடா பகுதியில் அரிசி மொத்த வியாபாரி ஒருவர் வீட்டுக்குப் போனோம். மாடியில் தனி அறை, ஏழு ஸ்பீக்கர், சுவர் அளவுக்கு டிவி, எல்லாம் முன்பே மாட்டியிருந்தது. மகளின் கல்யாணப் படத்தை உறவினர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறார். எங்களைப் பார்த்ததும் பர்மியில், "மெக்கானிக் எங்கே?" என்று என்னைக் கேட்டார். நான் அக்காவைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கை அக்காவும் பார்த்தார், கண்டுகொள்ளாமல் முன்னால் போய்க் கை தட்டினார்.

அரை மணி நேரம் ஆனது. வியாபாரிக்குப் பொறுமை இல்லை. "எனக்கு நல்லாத்தான் இருக்கு. வேலை சரியா முடிஞ்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார்.

"உங்களுக்குச் சரின்னா சரி, ஊ. நான் சரின்னு எழுத மாட்டேன்." பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற 'ஊ'வைச் சொல்லித்தான் மறுத்தார். கேபிள்களைச் சுருட்டி ரப்பர் போடத் தொடங்கினார்.

பாயிடம் என்ன சொல்வது? அப்போது வியாபாரியின் மனைவி கதவருகில் வந்து நின்றார். "ஒரு மாசமாச் சொல்றேன், இந்த ரூம்ல உட்கார்ந்தா தலை வலிக்குதுன்னு. எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொன்னாரு" என்றார். அக்கா சுருட்டிய கேபிளை மறுபடி பிரித்தார். டிவி ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாகச் சத்தத்தைச் சரிசெய்யப் போய் இரண்டும் சேர்ந்து கெடுத்திருந்தன. ஒன்றை நிறுத்தினார். அந்த அம்மாள் பத்து நிமிஷம் உட்கார்ந்து தன் மகள் சிரிப்பதைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வியாபாரி என்னைக் கூப்பிட்டதே இல்லை. நேராக அக்காவுக்குத்தான் போன் போடுவார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவரோடு கூடவே இருப்பது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் கிறிஸ்தவக் கோயில் கதையைச் சொன்னால் புரியும்.

ஒரு கிறிஸ்மஸுக்கு எங்கள் சபைப் பாடகர் குழுவைப் படம் பிடித்து, வெளிநாட்டில் இருக்கிற உறவினர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். படத்தில் பாட்டும் வாயும் சேரவில்லை. நான்தான் பெருமையாக, எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார் என்று அவரை அழைத்துப்போனேன். அவர் இந்து. கோயில் மண்டபத்தில் ஒரு ஓரமாக நின்றார். சபைக் கமிட்டி, பாடகர் குழு, பெற்றோர்கள் என்று முப்பது நாற்பது பேர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

குழுப் பாட்டை ஐந்தே நிமிஷத்தில் ஒட்டவைத்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு பெண் தனியாகப் பாடும் பகுதி. கமிட்டித் தலைவரின் மகள். அக்கா சத்தத்தை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். மறுபடி முன்னே. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இது தாமதம் இல்ல. இந்த வாய் இந்தப் பாட்டைப் பாடல."

தலைவர் எழுந்து, "என்னம்மா சொல்றீங்க?" என்றார்.

"மூச்சு எடுக்கிற இடமே வேற, ஐயா. பாடினது வேற யாரோ."

பாடியது வரிசையில் கடைசியில் நிற்கிற, எலும்பும் தோலுமான ஒரு பெண் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு ஒருத்தி, குரலுக்கு ஒருத்தி என்று அவர்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். தலைவரின் மகள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். பதினாறு வயது. இந்த ஏற்பாட்டில் அவள் பங்கு, அப்பா சொன்ன இடத்தில் நின்று வாயை அசைத்தது மட்டும்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சூலே பகோடா நிறுத்தம் வந்ததும் அவரே பேசினார்.

"சொன்னதுக்கு வருத்தம் இல்ல தம்பி. அத்தனை பேர் முன்னால சொன்னேன் பாரு, அது தப்பு. அந்தப் புள்ளையைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

மறுநாளே தலைவர் மகளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எனக்கு இது அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும். படத்தில் அந்த இடத்தில் இரண்டு பெண்களையும் சேர்த்து நிற்கவைத்து மறுபடி பாடவைத்தார்கள். ஆனால் எங்கள் கோயிலில் அக்காவை அதற்குப் பிறகு யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. என்னையும் கொஞ்ச நாள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் தெரிந்தது. பபேடானில் குறுகலான மாடிப்படி ஏறி நான்காவது மாடி. ரங்கூன் வீடுகளில் மாடியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், பேப்பர்க்காரரோ விருந்தாளியோ வந்திருப்பது தெரியும். அக்கா வீட்டுக் கயிற்றின் மேல்முனையில் மணி இல்லை. வண்ண ரிப்பன்கள் கொத்தாகக் கட்டியிருந்தன. கயிறு அசைந்தால் ரிப்பன்கள் ஆடும். அவர் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

சகோதரிகள் இருவரும் சத்தமில்லாமல் பேசிக்கொள்வதைப் பார்த்தேன். அக்கா குரல் கொடுக்காமல் வாயை மட்டும் அசைப்பார், தங்கை புரிந்துகொண்டு சிரிப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், சண்டைகூடப் போடுவாள். "எனக்குப் பேச்சு வந்த நாள்லருந்து இவளுக்காக உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுறேன்" என்றார். டப்பிங் செய்த சீரியல் ஓடினால் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாளாம். "அந்த நாட்டுக்காரங்க உதடு அவளுக்கு ஏதேதோ நம்ம வார்த்தையாத் தெரியுது. நாம கேக்குறது வேற கதை."

இப்போது இருவரும் தாய்லாந்தில் இருக்கிறார்கள். தங்கைக்கு அங்கே தையல் வேலை கிடைத்தது, அக்காவும் கூடப் போய்விட்டார். போவதற்கு முந்தின வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

எங்கள் வீடு மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமாகிவிட்டார். அப்பா, நான், என் மனைவி மூன்று பேர். அண்ணன் சிங்கப்பூரில்.

அந்த வருஷம் அப்பா பேச்சில் கோணல் தெரிந்தது. சமையலறையிலிருந்து "சாப்பிடுறீங்களா?" என்று என் மனைவி கேட்டால், "பூட்டிட்டேன்" என்பார். செய்தி பார்த்துவிட்டு, செய்தியில் இல்லாத ஒன்றைச் சொல்வார். அவருக்குக் கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறது என்று நினைத்து, கடையில் சகாயமாகக் கிடைத்த ஹோம் தியேட்டர் ஒன்றையும் ஒயரில்லாத ஹெட்போனையும் கொண்டுவந்து நானே மாட்டினேன். ஒரு சின்ன வேலைக்கு அக்காவை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அப்பாவின் நிலைமை மோசமானது. பத்து நிமிஷம் பார்ப்பார், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் கூப்பிடுவான். அப்பா பெரிதாகப் பார்க்கட்டும் என்று அதையும் டிவியில்தான் போடுவோம். "மருந்து சாப்பிட்டீங்களாப்பா?" என்று அண்ணன் கேட்டால், "ஆமா, இங்கயும் மழைதான்" என்பார் அப்பா. ஒரு நாள் அண்ணன் அழுதுவிட்டான். கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். டாக்டர் ஐந்தாறு கேள்வி கேட்டார். அப்பா ஒன்றுக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. வயதானால் ஞாபகம் போவது சகஜம் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அப்பா தனியாக வெளியே போகக்கூடாது என்று வாசல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டோம். கேட்டதும் அவரே எடுத்துக் கொடுத்தார். நான் பகலெல்லாம் கடையில், என் மனைவிக்கும் வேலை. ஆறேழு மாதம் இப்படியே போனது, பிறகு அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பேசி முடித்தான். அடுத்த வாரம் கொண்டுபோய் விட வேண்டும்.

அப்போதுதான் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எதற்கு என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அந்த ஹோம் தியேட்டரை விற்றுவிடலாம், விற்பதற்கு முன் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அப்பாவுக்கு நேரே நின்று வணக்கம் சொன்னார். அப்பாவும் வணக்கம் சொல்லி, "உட்காரும்மா, வெயில்ல வந்திருக்கே" என்றார். இரண்டு பேரும் ரயிலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அக்கா டிவிக்குப் பின்னால் குனிந்து, அங்கிருந்தே, "ஐயா, இதோட ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அப்பா பேசாமல் இருந்தார்.

"விடுங்கக்கா. இப்பல்லாம் அவருக்கு..." என்று சொல்லி, நான் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

அக்கா நிமிர்ந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோயிலில் பார்த்த அதே முகம். ஆனால் இந்த முறை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் படும்படி திரும்பிக்கொண்டார். வாயை அசைத்தார். எனக்கும் என் மனைவிக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அப்பா சொன்னார்: "ஆச்சும்மா. மீன் குழம்பு."

மறுபடி வாயை அசைத்தார்.

"ரெண்டு பசங்க. பெரியவன் சிங்கப்பூர்ல இருக்கான்."

அக்கா எழுந்து வந்து, என்னை வெளி வராண்டாவுக்கு அழைத்துப்போய், தணிந்த குரலில் பேசினார்.

"தம்பி, உங்க அப்பாவுக்குப் புத்தி எங்கயும் போகல. காதுதான் போயிருக்கு. ரொம்ப நாளாக் கண்ணாலதான் கேட்டுக்கிட்டு இருக்கார். மிச்சம் இருக்கிற காதையும் உதட்டையும் சேர்த்து வச்சுத்தான் அவர் புரிஞ்சுக்கிறார். நீ போட்டுக் கொடுத்த ஹெட்போன்ல சத்தம் பிந்தி வருது. உதடு ஒண்ணு சொல்லுது, காது அதுக்கு முந்தின வார்த்தையைச் சொல்லுது. எந்த மனுஷனுக்குப் புரியும்?"

"டாக்டர் கேட்டப்பவும்..." என்று ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்: "டாக்டர் மாஸ்க் போட்டிருந்தார்."

நாங்கள் அவரிடம் எப்படிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து, போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே. நேருக்கு நேர் உட்கார்ந்து அவரிடம் கடைசியாக எப்போது பேசினேன் என்று ஞாபகமில்லை. அவர் ஞாபகத்தைப் பரிசோதிக்கக் கூட்டிப்போனவன் நான்.

அக்கா பையைத் திறந்து பச்சை ரப்பர் போட்ட கேபிளை எடுத்தார். ஹெட்போனை ஒயரில் மாட்டினார். கை தட்டினார், நான் படம் பிடித்தேன். மூன்றாவது முறை ஒட்டியது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பொதுவாக எங்கள் எல்லோருக்கும் சொல்வதுபோல, "நாளைக்கும் மழை வலுக்குமாம்" என்றார். செய்தியில் அதைத்தான் சொன்னார்கள்.

நாலு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். டிவியில் போட அக்கா விடவில்லை. போனை நேராக அப்பா முகத்துக்கு எதிரே நிறுத்தி, அதிலேயே ஒயர் ஹெட்போனைச் சொருகினார். எங்களுக்குக் கேட்கட்டும் என்று அண்ணனிடம் நான் முன்பே சொல்லி, என் போனிலும் அவனை இணைத்து வைத்திருந்தேன். அவன் எப்போதும் கேட்கிற மாதிரி, குழந்தைக்குப் பரீட்சை வைப்பதைப் போல, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

"அப்பா... இன்னைக்கு... என்ன கிழமை?"

"ஞாயிற்றுக்கிழமை. நீ கூப்பிடுறது இந்தக் கிழமை மட்டும்தானேடா."

அண்ணன் கேமராவுக்கு நெருங்கி வந்தான். பிறகு சந்தேகத்தோடு, "பக்கத்துல யாராவது சொல்லிக் கொடுக்கிறாங்களா?" என்றான்.

அக்கா குனிந்து கேமராவுக்குள் முகத்தைக் காட்டினார். "யாரும் சொல்லிக் கொடுக்கல. நீங்க முகத்தைத் திருப்பாமப் பேசுங்க. இழுக்க வேண்டாம், சாதாரணமாப் பேசுங்க. வாயை மறைக்காதீங்க."

அன்று அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். அண்ணன் மகளின் பள்ளிக்கூடம், சிங்கப்பூர் ரயில், எங்கள் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சாய்ந்த மரம். முடிக்கும்போது அண்ணன் இல்லத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினான். என் மனைவி அன்றே சாவியை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டாள். வேறு டாக்டரிடம் போய்க் காது மிஷின் வாங்க ஒரு மாதம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். ரயில்வே கிளார்க்கின் அதே நேர்த்தியான கையெழுத்து. ஒவ்வொரு நாளும் என்ன கிழமை, என்ன சாப்பிட்டார், யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு மீ போனது, எல்லாம் எழுதியிருந்தார். ஏழு மாதம். நான் புரட்டிப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பில்லை.

"என்னப்பா இது?"

"நீங்க எல்லாரும் சொன்னீங்க. டாக்டரும் சொன்னார். நானும் நம்பிட்டேன். எந்த நாள்லருந்து மறக்க ஆரம்பிக்குதுன்னு எனக்குத் தெரியணும்ல? அதான் எழுதி வச்சேன். இனிமே வேண்டாம்னு நினைக்கிறேன்."

கடைக்குப் போகிற வழியில் அக்காவுக்குப் போன் செய்து நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சொன்னது இதுதான்: "தம்பி, மீ போனா வீட்ல இருட்டாகிருமே. அப்ப அவர்கிட்ட பேசணும்னா மெழுகுவத்தியை உன் முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கோ. அவர் முகத்துக்கிட்ட பிடிக்காதே, கண்ணு கூசும்."

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மீ போனது. நான் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை என் கன்னத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"மன்னிச்சிருங்கப்பா" என்று உரக்கச் சொன்னேன்.

"கத்தாதேடா" என்றார் அப்பா. "புரியுது. அடுத்ததைச் சொல்லு."